"கையெழுத்துப் போட்டவர் நீங்கள்தானே?" – கடனோடு சேர்த்து விற்கப்படும் காப்பீடு குறித்து வாசகர் கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் கணிசமானவை, கடன் கொடுக்கும்போதே கடனாளியின் தலையில் கட்டப்பட்ட காப்பீட்டைப் பற்றியும், அதுகுறித்த புகாரை வங்கி நிராகரித்துவிட்டதைப் பற்றியும் இருந்தன. ஒரே பொருளில் அமைந்திருப்பதால் அவற்றை இந்த இதழில் சேர்த்தே எடுத்துக்கொள்கிறோம். கடிதம் எழுதியவர்களின் பெயர்களையும், வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: ஐயா, காவேரிப்பட்டணத்தை அடுத்த ஊரில் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். வீடு கட்டுவதற்காக 2024 நவம்பரில் கிருஷ்ணகிரியில் உள்ள ஒரு வங்கிக் கிளையில் 18 லட்சம் ரூபாய் கடன் வாங்கினேன். தவணைக் காலம் 15 ஆண்டு, வட்டி 9 சதவீதம். முதல் கட்டப் பணம் விடுவிக்கப்பட்ட அன்றே கடன் கணக்கில் 86,400 ரூபாய் தனியாகப் பற்று வைக்கப்பட்டிருந்ததைப் பல மாதங்கள் கழித்துக் கணக்கு அறிக்கை வாங்கியபோதுதான் பார்த்தேன். கேட்டதற்கு, கடன் பாதுகாப்புக் காப்பீட்டின் ஒற்றைப் பிரீமியம் என்றார்கள். கட்டுக் கட்டாகத் தாள்களில் கையெழுத்து வாங்கிய அன்று காப்பீடு என்ற பேச்சே எழவில்லை. என் செல்போனுக்கு வந்த ஓ.டி.பி. எண்ணை மட்டும் "லோன் பாஸ் ஆகணும், சொல்லுங்க சார்" என்று ஊழியர் ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டார். காப்பீட்டுப் பத்திரம் எதுவும் இன்றுவரை என் கைக்கு வரவில்லை. 2025 ஜூனில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தேன். "தாங்கள் சுயவிருப்பத்தின் பேரில் முன்மொழிவுப் படிவத்தில் கையெழுத்திட்டுள்ளீர்கள், ஃப்ரீ லுக் காலமும் முடிந்துவிட்டது, எனவே புகார் முடித்துவைக்கப்படுகிறது" என்று ஜூலையில் பதில் வந்திருக்கிறது. இனி இதில் செய்ய ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு. அந்த நிராகரிப்புக் கடிதத்தைக் கோபத்தில் கிழித்துப் போடாமல், அது வந்த நாள் தெரியும்படி உறையோடு, மின்னஞ்சல் என்றால் அச்செடுத்து, பத்திரப்படுத்துங்கள். அடுத்த கட்டத்துக்குப் போக உங்களுக்கு வேண்டிய முதல் ஆவணமே அதுதான்.

வங்கியின் பதிலைச் சற்று நிதானமாகப் படித்தால், நீங்கள் எழுப்பிய புகாருக்கு அதில் பதிலே இல்லை என்பது புலப்படும். காப்பீடு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை என்பது உங்கள் புகார். கையெழுத்து உங்களுடையதுதான் என்பது அவர்களுடைய பதில். கையெழுத்து இருப்பதாலேயே, அந்தத் தாளில் எழுதியிருந்தது கையெழுத்திட்டவருக்கு விளக்கப்பட்டது என்றோ, வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்குத் தரப்பட்டது என்றோ ஆகிவிடாது. 2014 டிசம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வாடிக்கையாளர் உரிமைச் சாசனத்தில் உள்ள ஐந்து உரிமைகளில் ஒன்று வெளிப்படைத்தன்மையும் நேர்மையான நடத்தையும். இன்னொன்று, வாடிக்கையாளரின் தேவைக்கும் நிலைமைக்கும் பொருந்தும் பொருளையே விற்க வேண்டும் என்பது. ஒரு சேவையைப் பெற இன்னொன்றையும் வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதை, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்றே வகைப்படுத்துகிறது. ஆகவே இனி நீங்கள் எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் "கையெழுத்து என்னுடையதல்ல" என்ற வாதத்துக்குள் போகாதீர்கள். கையெழுத்தை ஒப்புக்கொண்டு, விளக்கமும் சம்மதமும் இல்லை என்பதில் மட்டும் உறுதியாக நில்லுங்கள்.

உங்கள் வழக்கில் மிக வலுவான ஆயுதம் ஒன்று உண்டு; அதை உங்கள் புகாரில் நீங்கள் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் சில்லறைக் கடன்கள் அனைத்துக்கும், கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட் எனப்படும் முக்கிய விவர அறிக்கையைக் கடன் வாங்குபவரிடம் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. நீங்கள் கடன் வாங்கியது நவம்பரில். அந்த அறிக்கை கடனாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். அதிலுள்ளவற்றை விளக்கி, புரிந்துகொண்டேன் என்ற ஒப்புதலையும் பெற வேண்டும். காப்பீட்டு நிறுவனம், வழக்கறிஞர் போன்ற மூன்றாம் தரப்பினருக்காக வங்கி வசூலிக்கும் தொகையை அதில் தனியே காட்ட வேண்டும்; ஆண்டுக்கான மொத்தச் செலவு விகிதத்திலும் அதைச் சேர்த்தே கணக்கிட வேண்டும்; அப்படி வசூலித்த தொகைக்கான ரசீதையும் உரிய ஆவணங்களையும் உங்களுக்குத் தர வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, அந்த அறிக்கையில் குறிப்பிடாத எந்தக் கட்டணத்தையும் கடனாளியின் வெளிப்படையான சம்மதமின்றிக் கடன் காலம் முழுவதும் வசூலிக்க முடியாது. உங்கள் கடன் கோப்பை எடுத்து, 86,400 என்ற எண் அந்த அறிக்கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வாதம் பாதி முடிந்தது போலத்தான். இருந்து, அறிக்கை முழுக்க ஆங்கிலத்தில் இருந்து, உங்களுக்கு அது விளக்கப்படவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். அறிக்கையே தரப்படவில்லை என்றால் அதுவே தனிக் குறை.

அடுத்து, கிளை மேலாளருக்கு ஒரு பக்கத்தில் இன்னொரு கடிதம் எழுதி, நகலில் முத்திரையுடன் ஒப்புகை பெறுங்கள். அதில் நியாய அநியாயம் எதுவும் வேண்டாம். ஆவணங்களை மட்டும் கேளுங்கள். கையெழுத்திட்ட முன்மொழிவுப் படிவத்தின் (காப்பீட்டு விண்ணப்பத்தின்) நகல், காப்பீட்டுச் சான்றிதழ், அதை உங்களுக்கு அனுப்பியதற்கான சான்று, முக்கிய விவர அறிக்கை, ஓ.டி.பி. மூலம் பெற்றதாகச் சொல்லும் சம்மதத்தின் நாள், நேரம், அந்தக் குறுஞ்செய்தியின் முழு வாசகம் ஆகியவை வேண்டும். அரசுடைமை வங்கியானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் உங்கள் சொந்தக் கோப்பின் நகல்களைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். தனியார் வங்கிக்கு இந்த வழி இல்லை.

படிவம் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள். முன்மொழிபவர் தமிழில் கையெழுத்திட்டிருந்தாலோ, படிவத்தை வேறொருவர் நிரப்பியிருந்தாலோ, "இதிலுள்ளவற்றை இவருடைய மொழியில் விளக்கினேன்" என்று விளக்கியவர் கையெழுத்திடும் உறுதிமொழி ஒன்று பெரும்பாலும் அங்கே இருக்கும். பல படிவங்களில் அந்த இடம் வெறுமையாகவே கிடக்கும். அல்லது விற்ற ஊழியரே அதில் கையெழுத்திட்டிருப்பார். படிவத்தின் தேதியையும் பற்று வைத்த தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பணம் முதலில் எடுக்கப்பட்டு, படிவம் பின்னால் வந்திருந்தால், "சுயவிருப்பம்" என்ற சொல்லை வங்கியே எப்படி விளக்குகிறது என்று பார்க்கலாம். உயரம், எடை, உடல்நலம் பற்றிய கேள்விகளுக்கு யாருடைய கையெழுத்தில் விடை எழுதப்பட்டிருக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது.

ஃப்ரீ லுக் காலம் முடிந்துவிட்டது என்ற வாதத்துக்கு வருவோம். பிடிக்காத காப்பீட்டைத் திருப்பித் தரும் இந்த அவகாசம், 2024 முதல் நடைமுறையில் உள்ள காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணைய விதிகளின்படி 30 நாள். அது பத்திரம் வாங்கியவரின் கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ணப்படும், பணம் பிடித்த நாளிலிருந்து அல்ல. உங்களுடையது அநேகமாக வங்கியின் பெயரில் உள்ள குழுக் காப்பீடாக இருக்கும். அதில் உங்களுக்குத் தரப்படுவது சான்றிதழ் மட்டுமே, நிபந்தனைகளும் அதில்தான் இருக்கும். அந்த அவகாசம் முடிந்துவிட்டது என்று வங்கி எழுதியிருப்பதால், உங்களுக்கு அப்படியோர் அவகாசம் இருந்தது என்பதை வங்கியே ஒப்புக்கொண்டுவிட்டது. சான்றிதழ் எந்த நாளில், எந்த வழியில் உங்களிடம் சேர்க்கப்பட்டது என்று கேளுங்கள். அதற்குச் சான்று காட்ட முடியாவிட்டால், அவகாசம் தொடங்கவே இல்லை என்று நீங்கள் வாதிடலாம்.

இன்னொரு விஷயம், பலருக்கும் தெரியாதது. ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, பல கிளைகளைக் கொண்ட வங்கிகள் தங்களுக்குள்ளேயே அக ஆம்புட்ஸ்மேன், அதாவது உள் குறைதீர்ப்பாளர், ஒருவரை வைத்திருக்க வேண்டும். ஒரு புகாரை முழுமையாகவோ பகுதியாகவோ நிராகரிப்பதாக இருந்தால், இறுதிப் பதில் அனுப்புவதற்கு முன் கோப்பு அவருடைய பார்வைக்குப் போக வேண்டும். வாடிக்கையாளர் அவரை நேரடியாக அணுக முடியாது. ஆனால் உங்களுக்கு வந்த கடிதம் அவர் பார்த்த பிறகு அனுப்பப்பட்டதா, அல்லது கிளையிலேயே ஒருவர் கணினியில் தட்டி அனுப்பியதா என்று கேட்கலாம். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையென்றால் மேற்புகாரில் அதைக் குறிப்பிடுங்கள்.

இனி மேற்புகார். வங்கி விற்ற முறை பற்றிய புகாருக்கு உரிய இடம் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன் என்னும் குறைதீர்ப்பாளர். 2021 நவம்பரில் தொடங்கிய ஒருங்கிணைந்த திட்டத்தின்படி, வங்கியில் எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்து, அது நிராகரிக்கப்பட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, 30 நாளாகியும் பதில் வராவிட்டாலோ அவரை அணுகலாம். பதில் கிடைத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் அணுக வேண்டும். கட்டணம் இல்லை. ரிசர்வ் வங்கியின் புகார் மேலாண்மை இணையதளத்தில் பதிவு செய்யலாம். இல்லையென்றால் சண்டிகர் 160017, செக்டார் 17-இல் உள்ள ரிசர்வ் வங்கியின் மையப்படுத்தப்பட்ட புகார் பெறும் மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். 14448 என்ற கட்டணமில்லா எண்ணிலும் விவரம் கேட்கலாம். வழக்கறிஞர் மூலம் தரப்படும் புகாரை அங்கே ஏற்பதில்லை. நீங்களே எழுத வேண்டும், அல்லது வழக்கறிஞர் அல்லாத ஒருவருக்கு அதிகாரம் தந்து எழுதச் செய்யலாம். இதே விஷயம் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ நிலுவையில் இருந்தாலும் ஏற்க மாட்டார்கள்.

கடன் தருவதும் மறுப்பதும் வங்கியின் வணிக முடிவு என்பதால் அதில் குறைதீர்ப்பாளர் தலையிடுவதில்லை. எனவே வட்டி அதிகம், கடன் தர இழுத்தடித்தார்கள், மேலாளர் மரியாதையின்றிப் பேசினார் என்பவற்றை எல்லாம் ஒரே புகாரில் கொட்டினால் முக்கியமான செய்தி அமிழ்ந்துபோகும். இப்படி எழுதலாம்: "என் வீட்டுக் கடன் கணக்கில் இன்ன தேதியில் 86,400 ரூபாய் காப்பீட்டுப் பிரீமியமாகப் பற்று வைக்கப்பட்டுள்ளது. காப்பீடு விருப்பத்தின் பேரிலானது என்று எனக்குத் தெரிவிக்கப்படவில்லை. என் செல்போனுக்கு வந்த எண், கடன் அனுமதிக்காக என்று சொல்லிப் பெறப்பட்டது. முக்கிய விவர அறிக்கை எனக்கு விளக்கப்படவில்லை. சான்றிதழ் எனக்கு வழங்கப்படவில்லை. வங்கியின் பதில் இவற்றில் ஒன்றுக்கும் விடை தரவில்லை." உங்கள் விவரங்களுக்குப் பொருந்தாத வாக்கியம் எதையும் சேர்க்காதீர்கள்.

என்ன வேண்டும் என்பதைத் தொகையோடு கேட்பது அவசியம். பிரீமியத்தையும் கடனோடு சேர்த்துவிட்டதால், அதற்கும் நீங்கள் 9 சதவீத வட்டி கட்டுகிறீர்கள். 86,400 ரூபாய்க்கு 15 ஆண்டில் மாதத் தவணை சுமார் 876 ரூபாய். மொத்தமாக ஏறக்குறைய 1,57,700 ரூபாய். எனவே "பிரீமியத்தைத் திருப்பித் தருக" என்று மட்டும் கேட்டால், அதன்மீது இதுவரை கட்டிய வட்டி வங்கியிடமே தங்கிவிடும். பற்று வைத்த தேதியிலேயே வரவு வைத்ததாகக் கொண்டு கடன் கணக்கை மறுகணக்கீடு செய்ய வேண்டும் என்று கேளுங்கள்.

நுகர்வோர் ஆணையம் இன்னொரு வழி. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனு செய்ய 2019 சட்டம் இடமளிக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை. ஆனால் வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். குறைதீர்ப்பாளரிடம் காத்திருக்கும் நாள்களில் இந்தக் கெடுவும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். என் கருத்தில், உங்கள் தொகைக்கு முதலில் குறைதீர்ப்பாளரே போதும்.

புகாரை அனுப்பும் முன் வீட்டில் ஒரு முறை கலந்து பேசுங்கள். விற்ற முறை தவறு என்பது வேறு, அந்தக் காப்பீடு உங்களுக்குத் தேவையா என்பது வேறு. உங்கள் ஒருவர் வருமானத்தில்தான் கடன் கட்டப்படுகிறது, வேறு ஆயுள் காப்பீடும் இல்லை என்றால், இதை விடுவதற்கு முன் மாற்றுக் காப்பீடு ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது. ரத்துக்குக் கேட்டுவிட்டு இடைப்பட்ட காலத்தில் காப்பின்றி இருப்பது சரியல்ல.

கேள்வி: ஐயா, பாலக்கோடு பக்கம் தக்காளி பயிரிட்டு வந்த என் கணவர், டிராக்டர் வாங்க வங்கியில் கடன் எடுத்தபோது அதோடு காப்பீடும் போட்டார்கள். பதினாறு மாதத்தில் மாரடைப்பில் இறந்துவிட்டார். காப்பீட்டுப் பணத்தில் கடன் தீர்ந்துவிடும் என்று வங்கியில் சொன்னதை நம்பியிருந்தேன். இப்போது, அவருக்குச் சர்க்கரை நோய் இருந்ததை மறைத்துவிட்டதாகக் கூறி நிறுவனம் மறுத்துவிட்டது. படிவத்தை நிரப்பியவர் வங்கி ஊழியர். அவருக்குச் சர்க்கரை இருப்பது அந்த ஊழியருக்கும் தெரியும். வங்கியோ முழுக் கடனையும் கட்டச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. நான் கடனில் கையெழுத்துப் போடவில்லை.

பதில்: அம்மா, உங்களுக்கு எதிரே இருப்பவர்கள் இருவர், இருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். பணம் தர மறுத்தது காப்பீட்டு நிறுவனம். படிவத்தை நிரப்பி விற்றது வங்கி.

முதலில் நிறுவனத்தின் கடிதத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். ஆயுள் காப்பீட்டைத் தொடங்கி மூன்று ஆண்டு கடந்துவிட்டால், எந்தக் காரணம் காட்டியும் அதைக் கேள்விக்குள்ளாக்க முடியாது என்கிறது காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு. உங்கள் கணவர் அதற்குள் காலமானதால் நிறுவனம் காரணம் காட்ட இடமுண்டு. ஆனால் காரணத்தையும், எந்த ஆவணத்தை வைத்து அந்த முடிவுக்கு வந்தது என்பதையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தார், தவறாகச் சொன்னார் என்பது ஒரு வகை. அந்த உண்மை தெரிந்திருந்தால் காப்பீட்டையே தந்திருக்க மாட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு அதில் நிறுவனத்துடையது. நிறுவனம் ஏற்றுக்கொண்ட இடருடன் நேரடித் தொடர்பில்லாத தகவலைக் காரணமாகக் காட்ட முடியாது. மோசடி என்று கடிதத்தில் எழுதியிருந்தால் நிலைமை மாறும். காப்பீடு எடுத்தவர் உயிருடன் இல்லாத நிலையில் மோசடி இல்லை என்று காட்டும் பொறுப்பு பயனாளியின் மேல் வந்துவிடுகிறது. எனவே அந்தச் சொல்லைக் கவனமாகப் பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள். மோசடி என்று சொல்லாமல் மறைப்பு என்று மட்டும் சொல்லி மறுத்திருந்தால், வாங்கிய பிரீமியத்தை 90 நாளுக்குள் திருப்பித் தந்திருக்க வேண்டும். தந்தார்களா என்பதையும் கேளுங்கள்.

முன்மொழிவுப் படிவத்தின் நகல் இல்லாமல் ஒரு வரியும் எழுதாதீர்கள். சர்க்கரை நோய் பற்றிய கேள்வி அதில் கேட்கப்பட்டிருக்கிறதா, "இல்லை" என்ற கட்டத்தில் கோடு போட்டது யார், மேலே முதல் பதிலில் சொன்ன உறுதிமொழியில் யார் கையெழுத்து இருக்கிறது ஆகிய மூன்றும் உங்கள் வழக்கின் உயிர். கேள்வியே கேட்காத படிவமும் உண்டு. அப்படியானால் மறைத்தார் என்று சொல்ல முடியாது. ஊழியருக்கு நோய் பற்றித் தெரியும் என்கிறீர்கள். அதை எப்படித் தெரியும் என்று உங்களால் காட்ட முடிந்தால் மட்டும் எழுதுங்கள்.

நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு முதலில் புகார் அனுப்புங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் அதைப் பதிவு செய்யலாம். அங்கேயும் மறுத்தாலோ, ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னை அண்ணா சாலை, தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்துக்கு விண்ணப்பியுங்கள். தமிழ்நாடு முழுவதற்கும் அதுவே. 50 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களை அவர் விசாரிக்கலாம். கட்டணமும் வழக்கறிஞரும் தேவையில்லை. காணொலியிலும் விசாரணை நடத்த விதி இடம் தருகிறது என்பதால் ஒவ்வொரு முறையும் சென்னைக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை. அவருடைய தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாளில் நிறைவேற்ற வேண்டும்.

வங்கிக்கு எழுதும் கடிதம் வேறு. காப்பீட்டுக் கோரிக்கை விசாரணையில் இருப்பதைத் தெரிவித்து, நகல்களை இணைத்து, அது முடியும்வரை வசூல் நடவடிக்கையை நிறுத்திவைக்கக் கேளுங்கள். நீங்கள் இணைக் கடனாளியோ ஜாமீன்தாரரோ அல்ல என்றால், கணவரிடமிருந்து உங்களுக்கு வந்த சொத்தின் மதிப்பு வரைதான் அவருடைய கடனுக்குப் பொறுப்பு. உங்கள் சொந்த வருமானத்திலிருந்தும் உங்கள் பெயரில் உள்ள நகையிலிருந்தும் கட்டச் சொல்ல முடியாது. டிராக்டர் கடனுக்கு ஈடாக உள்ளது என்பது வேறு. அதன்மீது வங்கிக்கு உரிமை உண்டு. பேச்சுவாக்கில் புதிய தாள் எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அப்படிப் போட்டால் இல்லாத பொறுப்பு உங்கள்மேல் ஏறிவிடும்.

கணவரின் சேமிப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்து, மே, ஜூன் மாதப் பதிவுகளில் 436 ரூபாய் அல்லது 20 ரூபாய் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 436 இருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு; எந்த வகை மரணத்துக்கும் நியமனதாரருக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு, புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் 30 நாளில் விபத்து அல்லாத மரணம் மட்டும் விலக்கு. 20 ரூபாய்த் திட்டம் விபத்துக்கானது, உங்களுக்குப் பொருந்தாது. வங்கியில் யாரும் இதைத் தாமாக எடுத்துச் சொல்வது அபூர்வம்.

எழுத உதவி வேண்டுமானால் தருமபுரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும், எண் 15100.

கேள்வி: என் மகன் லண்டனில் இருக்கிறான். அங்கே 2006-இல் அவன் எடுத்த தனிநபர் கடனோடு பி.பி.ஐ. என்ற கடன் தவணைப் பாதுகாப்புக் காப்பீடும் சேர்க்கப்பட்டிருந்ததாகவும், அந்தப் பணத்தை மீட்டுத் தருவதாகவும் ஒரு நிறுவனம் தொலைபேசியில் முன்பணம் கேட்கிறதாம். நம்பலாமா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், தருமபுரி

பதில்: வேண்டாம். பிரிட்டனில் இந்தக் காப்பீட்டை முறையின்றி விற்றதற்காக 2011 முதல் வங்கிகள் திருப்பித் தந்த தொகை 3,800 கோடி பவுண்டைத் தாண்டியது உண்மை. ஆனால் வங்கியிடம் நேரடியாகப் புகார் செய்வதற்கு அந்நாட்டு நிதி நடத்தை ஆணையம் வைத்த கடைசி நாள் 2019 ஆகஸ்ட் 29. அதன் பிறகு விதிவிலக்கான சூழ்நிலைகளைத் தவிர வங்கிகள் புகாரை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கெடு முடிவதற்குள் உங்கள் மகன் புகார் செய்து, வங்கி இறுதிப் பதிலில் நிராகரித்திருந்தாலும், அங்குள்ள நிதி ஆம்புட்ஸ்மேனை ஆறு மாதத்துக்குள் அணுகியிருக்க வேண்டும். நீதிமன்றம் ஒன்றே மிச்சம். அதற்கும் காலவரம்புச் சிக்கல் உண்டு. அந்நாட்டு வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்காமல் காசு செலவழிக்க வேண்டாம். கெடு நடப்பில் இருந்த காலத்திலேயே, இடைத்தரகர்கள் மீட்ட தொகையில் 20 சதவீதமும் அதற்கான வரியும் தவிர வேறெதுவும் வாங்கக் கூடாது என்று 2018-இல் சட்டம் வரம்பு கட்டியிருந்தது. முன்பணம் கேட்பவரைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

நம் வாசகர்களுக்குப் பயன்படும் செய்தி ஒன்று அங்கே இருக்கிறது. 2014-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், கடனாளி கட்டிய பிரீமியத்தில் 71.8 சதவீதம் தரகுத் தொகையாகவே போயிருந்தது. அதை அவரிடம் சொல்லாமல் மறைத்ததே அந்தக் கடன் உறவை நியாயமற்றதாக்கியது என்று நீதிமன்றம் கருதியது. அந்தத் தீர்ப்பு இங்குள்ள வங்கிகளைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் கடன் கொடுப்பவரே காப்பீட்டின் முகவராகவும் இருக்கும்போது அவர் "கட்டாயம்" என்று ஏன் சொல்கிறார் என்பதை விளங்கிக்கொள்ள அது உதவும்.

கேள்வி: அரூரில் மகளிர் குழு மூலம் நுண்கடன் வாங்கினோம். ஒவ்வொருவருக்கும் காப்பீடு என்று பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தந்தார்கள். கேட்டால் "எல்லாருக்கும் இப்படித்தான்" என்கிறார்கள்.

பதில்: 2022-இல் ரிசர்வ் வங்கி வகுத்த நுண்கடன் நெறிமுறைகளின்படி, கடனல்லாத எந்தப் பொருளையும் கடனாளியின் முழுச் சம்மதத்தோடுதான் தர வேண்டும், அதற்கான கட்டணத்தைக் கடன் அட்டையிலேயே, கடனாளிக்குப் புரியும் மொழியில் காட்ட வேண்டும். குழுவில் ஒவ்வொருவரும் தம் கடன் அட்டையை எடுத்து அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாதவர்கள் தனித்தனியே புகார் எழுதுவது நல்லது. ஒரே தாளில் இருபது பேர் கையெழுத்திட்டால், யாருக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்பதே குழம்பிவிடும்.

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் வேலை செய்கிறேன். ஐந்தாண்டுத் தனிநபர் கடனை இரண்டாம் ஆண்டிலேயே அடைத்துவிட்டேன். மொத்தமாகப் பிடித்த பிரீமியத்தில் மீதிக் காலத்துக்கானது திரும்பக் கிடைக்குமா? கடன் முடிந்ததும் காப்பீடும் முடிந்துவிட்டது என்கிறது வங்கி.

பதில்: வங்கி சொல்வதை வைத்து முடிவுக்கு வராதீர்கள், சான்றிதழில் "சரண்டர்" (காப்பீட்டை இடையிலேயே விட்டுவிடுவது) என்ற தலைப்பின்கீழ் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒற்றைப் பிரீமியக் கடன் காப்பீடுகளில், கடனை முன்கூட்டி அடைத்தவர் சரண்டர் செய்து மீதித் தொகையைப் பெறவோ, காப்பைக் கடைசி நாள்வரை தொடரவோ வழி இருப்பது வழக்கம். கடன் தீர்ந்ததற்கான சான்றையும் ரத்து செய்த காசோலை ஒன்றையும் இணைத்து நேரே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். தொடர்வதாக இருந்தால், பயன் வங்கிக்குப் போகாமல் உங்கள் நியமனதாரருக்கே போகும் என்று எழுத்தில் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வங்கி நிராகரித்ததும் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுத்துவிட்டேன். பதில் வரும்வரை காத்திருக்கலாமா? – ஊத்தங்கரை வாசகர்

பதில்: மனு கொடுத்ததில் தவறில்லை. அது மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் வழியாகச் சம்பந்தப்பட்ட வங்கிக்கே போய்ச் சேரும். சில சமயம் அதனால் கோப்பு அசைவதும் உண்டு. ஆனால் காப்பீட்டுப் பணத்தைத் திருப்பித் தர வங்கிக்கு உத்தரவிடும் அதிகாரம் ஆட்சியருக்கு இல்லை. அந்த மனு நிலுவையில் இருப்பதால் குறைதீர்ப்பாளரிடமோ நுகர்வோர் ஆணையத்திடமோ உள்ள காலக்கெடு நிற்கவும் செய்யாது. வங்கியின் கடிதம் கைக்கு வந்த தேதியிலிருந்து நாளை எண்ணி, மேற்புகாரை இந்த மாதமே அனுப்புங்கள். மனுவுக்குத் தந்த ரசீது எண்ணை அதில் ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும்.